ஐசியூ தாதியர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: வேலைத்தலக் கொடுமை, பாகுபாடு, தொந்தரவு

கண்டி, பேராதனை, நுவரெலியா, பதுளை என்று இலங்கை மலையகத்தின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் (ஐசியூ) வேலை செய்யும் தமிழ் பேசும் தாதியர் என்னிடம் கேட்பவை இவை. போனில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள், கலியாண வீட்டில் இலைக்கு முன்னால் இருந்துகூடக் கேட்பார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். யார், எந்த வைத்தியசாலை என்று தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன். நான் தாதி, சட்டத்தரணி இல்லை. வழக்கு வரை போகும் விஷயம் என்றால் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

சீனியர் ஏசினா அது கொடுமையா? ஐசியூவுல சத்தம் போடாம வேலை நடக்குமாக்கா?

நோயாளியின் ஒட்சிசன் அளவு மளமளவென்று இறங்கும்போது "அம்பு பேக்கை (கையால் மூச்சுக் கொடுக்கும் பை) எடு, தள்ளு!" என்று ஒருவர் கத்தினால் அது வேலை. அந்த நேரத்தில் யாரும் தயவுசெய்து போட்டுப் பேச மாட்டார்கள். நிலைமை சரியான பிறகு அதே சீனியர் உங்களைக் கூப்பிட்டு, "டியூப்ல சளி அடைச்சிருந்துச்சு, முதல்ல சக்ஷன் பண்ணியிருக்கணும்" என்றால் அது பாடம். வார்த்தை கொஞ்சம் காரமாக இருந்தாலும் பாடம்தான்.

அந்தக் கதையையே மறுநாளும், அடுத்த கிழமையும் டீ குடிக்கும் இடத்தில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்து, உங்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தால் விஷயம் வேறு. திரும்பத் திரும்ப நடக்கிறதா, உங்களை மட்டும் குறிவைக்கிறதா, நோயாளியைப் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று பாருங்கள். சுவீடனில் 1980களில் இதை ஆராய்ந்த ஹைன்ஸ் லேமான், கிழமைக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்று ஒரு கோடு போட்டார். அது ஆய்வுக்காகப் போட்ட கோடு. நீங்கள் ஆறு மாதம் எண்ணிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம், ஒரே தடவை நடந்தாலும் அது தொந்தரவாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்கிறது.

யாரும் ஏசல, அடிக்கல. ஆனா எனக்கு மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாங்க. இதையெல்லாம் முறைப்பாடு பண்ண முடியுமா?

முடியும். என் கணக்கில் ஐசியூவில் நடக்கும் மிக மோசமான கொடுமையும் இதுதான். காலை 7 மணிக்குப் பொறுப்பேற்க வருகிறீர்கள். மற்றக் கட்டில்களில் இரவு மிஸ் (தாதி) நின்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்கிறார். உங்கள் கட்டிலுக்கு வந்ததும் "எல்லாம் சார்ட்ல இருக்கு" என்று போய்விடுகிறார். நீங்கள் சார்ட்டைப் புரட்டி முடிப்பதற்குள் சிரிஞ்ச் பம்ப் அலறுகிறது. பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நோரட்ரினலின் மருந்து தீரப் போகிறது, மாற்றுவதற்கு ஒன்றும் கரைத்து வைக்கவில்லை. பிரஷர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இதை "என்னோடு பேச மாட்டேன் என்கிறார்" என்று எழுதிக் கொடுத்தால் சிரித்துவிட்டு ஃபைலில் போடுவார்கள். "இன்ன திகதி, இன்ன கட்டில், பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை, மருந்து தீரும் நிலையில் இருந்தது" என்று எழுதினால் அது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. அதை ஒதுக்கி வைக்க எந்தப் பணிப்பாளருக்கும் துணிவு வராது.

மத்த வார்டை விட ஐசியூவுல ஏன் இவ்வளவு?

கதவு பூட்டிய இடம். நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாயில் டியூப், பேச முடியாது. சொந்தக்காரர் வந்து பார்ப்பது கொஞ்ச நேரம்தான். வார்டில் ஒருவரை அவமானப்படுத்தினால் முப்பது பேர் பார்ப்பார்கள், இங்கே பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதோடு, தனியாகச் செய்ய முடியாத வேலைகள் ஏராளம். வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்ப டியூபைப் பிடிக்க ஒருவர், உடம்பைப் பிடிக்க ஒருவராவது வேண்டும். யாரும் கைகொடுக்க வராவிட்டால் அதுவே தண்டனை.

இதனால் கெடுவது நம் மனது மட்டுமில்லை. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தை அதிதீவிர சிகிச்சைக் குழுக்கள் 24ஐ வைத்துச் செய்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் சில குழுக்களிடம் இளக்காரமாகப் பேசினார். அதைக் கேட்ட குழுக்கள் பொம்மைக் குழந்தை ஒன்றின் நோயைக் கண்டுபிடிப்பதிலும், செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்வதிலும் மற்றக் குழுக்களை விடப் பின்தங்கின. "தாங்கிக்க, வேலைதானே" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ரோஸ்டர் போடுறது சிஸ்டரோட உரிமைதானே? அதுல நாம என்ன கேக்கிறது?

டியூட்டி அட்டவணை போடுவது பிரிவுப் பொறுப்புத் தாதியான சிஸ்டருடைய பொறுப்பு. பழிவாங்கப் போடுவது பொறுப்பில் சேராது. பின்னேர டியூட்டி இரவு 7 மணிக்கு முடிகிறது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தின் மேல் டிவிசனில் வீடு இருப்பவருக்கு அந்த நேரம் பஸ் கிடைப்பது பாடு. ஹற்றனில் இறங்கினால் மிச்சத் தூரத்துக்குத் த்ரீவீல்தான், அன்றைய ஓடி (மேலதிக நேர) காசு அதற்கே போய்விடும். பக்கத்து டவுனில் இருக்கும் ஒருவருக்குக் காலை டியூட்டியும், இவருக்கு மாதம் முழுக்கப் பின்னேர டியூட்டியும் விழுந்துகொண்டே இருந்தால் காரணம் கேட்கலாம். தீபாவளியும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் நமக்கும் பொது என்பதால் அதில் எல்லோருக்கும் இழுபறி இருக்கும். தீபாவளிக்கு லீவு கேட்கிற ஆள் ஐசியூவில் ஒருவரோ இருவரோ, அப்படியும் கிடைக்காது.

கேட்கும் முன் ஆறு மாத ரோஸ்டரைப் போட்டோ எடுத்து வைத்து எண்ணுங்கள். உங்களுக்கு எத்தனை இரவு, மற்றவர்களுக்கு எத்தனை இரவு. சில சமயம் எண்ணிப் பார்த்தால் எல்லோருக்கும் சமமாகத்தான் இருக்கும், நம் மனக்கசப்புத்தான் கூட்டிக் காட்டியிருக்கும். அப்படித் தெரிந்துகொள்வதும் நல்லதுதான். பழைய ரோஸ்டர் கைவசம் இல்லாவிட்டால், அரச வைத்தியசாலை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் தெரியும்"னு சொல்றாங்க. கேட்டா பகிடிங்கிறாங்க.

பகிடி என்றால் இரண்டு பக்கமும் சிரிப்பு வர வேண்டும். தமிழில் "தோட்டக்காட்டான்", சிங்களத்தில் "வத்தே" என்று இழுப்பது, லயத்து வீட்டைப் பற்றிக் கேலி, "கோட்டாவுல (இட ஒதுக்கீட்டில்) வந்தவங்க" என்ற கதை எல்லாம் ஒரே வகை. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. பிறந்த இடம் என்பதில் தோட்டமும் அடங்கும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வரும் கதைகளில் சிங்கள சிஸ்டர்களைப் பற்றியவை மட்டும் இல்லை. வேறு மாவட்டத்திலிருந்து இடமாற்றத்தில் வந்த தமிழ் மிஸ் ஒருவர் "நீங்க இந்தியத் தமிழ்தானே" என்று முகம் சுளிப்பதும், நம் ஆட்களே சாதியை மெல்லத் தட்டிப் பார்ப்பதும் நிறைய. யார் சொன்னாலும் திகதி போட்டுத்தான் எழுத வேண்டும்.

வெறும் பேச்சோடு நின்றால் மேலதிகாரியிடம் சொல்லித் தீர்க்கப் பாருங்கள். அந்தப் பேச்சோடு பயிற்சிக்குப் பெயர் போடாமை, வேலை உறுதிப்படுத்தலை இழுத்தடித்தல் போன்றவை சேர்ந்தால் பாகுபாடு என்று காட்டுவது எளிது. வார்த்தை காரணத்தைக் காட்டும், ஃபைல் விளைவைக் காட்டும்.

டியூட்டியில தமிழ் பேசக் கூடாதுன்னு சொல்லலாமா?

கட்டிலருகே பொறுப்பு ஒப்படைக்கும்போதும் அவசர நேரத்திலும் எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசச் சொல்வது நியாயம். நீங்கள் இரண்டு தமிழர் நின்று நோயாளியைப் பற்றித் தமிழில் பேசினால், பக்கத்தில் நிற்கும் சிங்கள மிஸ்ஸுக்கு ஒரு தகவல் தவறிப் போகலாம். ஆனால் டீ குடிக்கும்போதும், வீட்டுக்குப் போன் எடுக்கும்போதும் தமிழ் கூடாது என்று தடை போட யாருக்கும் உரிமை இல்லை. அரசியலமைப்பின் 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி.

நோயாளியோடு பேசுவது வேறு கதை. மயக்கம் தெளிந்து வரும் ஒரு தோட்டத்து அம்மாவிடம் "கையை அமத்துங்கம்மா, காலை ஆட்டுங்க" என்று தமிழில் சொல்லித்தான் நினைவு வந்துவிட்டதா என்று பார்க்க முடியும். சிங்களத்தில் சொல்லிவிட்டு, சொல்வதைச் செய்யவில்லை என்று சார்ட்டில் எழுதினால் அது பிழையான பதிவு. தமிழ் நோயாளி வந்தால் மட்டும் உங்களை மொழிபெயர்க்கக் கூப்பிட்டு, உங்கள் கட்டிலை யாரும் பார்க்காமல் விடுகிறார்களா? அதையும் பதிவு செய்யுங்கள்.

எழுதி வைங்கன்னு சொல்றீங்க. என்னத்தை, எப்படி எழுதுறது?

தனி அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். அன்றைக்கே எழுதுங்கள். உதாரணம்: "செவ்வாய், இரவு டியூட்டி, 2.15. மூன்றாம் கட்டிலுக்கு உதவி கேட்டேன். 'ஒன்ன யாரு வரச் சொன்னது, தோட்டத்துக்கே போ' என்றார். இன்னார் பக்கத்தில் இருந்தார். 2.40க்கு உதவியாளர் ஒருவரோடு திருப்பினேன்." இவ்வளவுதான். "எப்போதும் என்னைக் கேவலப்படுத்துகிறார்" என்று எழுதினால் அது உங்கள் உணர்ச்சி, விசாரணையில் நிற்காது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, சிங்களம் என்றால் சிங்கள உச்சரிப்பிலேயே எழுதுங்கள்.

நோயாளியின் பெயரையும் சார்ட்டின் போட்டோவையும் இதில் சேர்க்காதீர்கள். கட்டில் இலக்கமும் நேரமும் போதும். இல்லாவிட்டால் நோயாளியின் இரகசியத்தை வெளியே விட்டீர்கள் என்று உங்கள் மேலேயே ஒரு குற்றச்சாட்டு விழும்.

போன்ல ரெக்கார்ட் பண்ணா சாட்சி ஆகுமா?

ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஐசியூவுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காத வேலை. நோயாளியின் குரல், மானிட்டரில் பெயர் எல்லாம் விழும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, குரல்பதிவு என்றால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட்டோடு வையுங்கள், அதற்கு மதிப்பு அதிகம். முகநூலில் போட வேண்டாம். அனுமதி இல்லாமல் தகவல் வெளியிட்டதாக அரச உத்தியோகத்தர் மேல் ஒழுக்காற்று நடவடிக்கை வரலாம், அப்புறம் முறைப்பாட்டை விட்டுவிட்டு அதற்கு ஓட வேண்டும்.

முதல்ல யார்கிட்ட போறது? செய்றதே எங்க சிஸ்டர்னா?

வழமையான படி: பொறுப்புச் சிஸ்டர், மேட்ரன் (வைத்தியசாலையின் தாதியர் தலைவி), வைத்தியசாலைப் பணிப்பாளர் அல்லது மருத்துவ அத்தியட்சகர். அதற்கு மேல், மாகாணத்துக்குரிய வைத்தியசாலை என்றால் பிராந்திய, மாகாண சுகாதாரப் பணிப்பாளர்கள். மத்திய அரசின் கீழ் உள்ளது என்றால் சுகாதார அமைச்சு. செய்பவரே சிஸ்டர் என்றால் மேட்ரனுக்கு எழுதுங்கள், பணிப்பாளருக்கும் ஒரு பிரதி போடுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு சொன்ன இடத்திலேயே செத்துவிடும். கடிதம் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. விசாரிப்பவர் நேரே வாசிக்கட்டும் என்று சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்து வைப்பது என் பழக்கம்.

தொழிற்சங்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தவரும் அதே சங்கத்தில் நிர்வாகியாக இருப்பார், மலையகத்தில் இது சர்வசாதாரணம். அப்படியானால் கிளையை விட்டுவிட்டு மேலிடத்துக்கு எழுதுங்கள்.

ஒரு மாசத்துக்குள்ள செய்யணும்னு சொல்றாங்களே, அது என்னா?

அரச நிர்வாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குரிய காலம் மீறல் நடந்து ஒரு மாதம். நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இது. மேட்ரன் பார்க்கிறேன் என்பார், பணிப்பாளர் லீவில் இருப்பார், அதற்குள் மாதம் ஓடிவிடும்.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடிதத்தைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், உண்மையில் விசாரணை நடந்தது என்று காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கலாம். கண்டியிலும் பதுளையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, அவசர இலக்கம் 1996. வழக்கு யோசனை இருந்தால் முதல் கிழமையிலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவிலும் ஆலோசனை கேட்கலாம்.

கை படுது, இரட்டை அர்த்தத்துல பேச்சு. பெரிய டொக்டர். இதுக்கும் மேட்ரன்கிட்டதான் போகணுமா?

வேண்டியதில்லை. இது குற்றவியல் விஷயம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு, பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது தண்டப்பணம் அல்லது இரண்டும் என்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் செய்தாலும் அதில் அடங்கும். நேரே பொலிஸுக்குப் போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வேலைத்தல முறைப்பாட்டையும் கூடவே கொடுக்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

"மருந்து எடுக்கக் கையை நீட்டினேன், பட்டுவிட்டது" என்பார்கள். ஐசியூவில் இடம் குறுகல் என்பது உண்மை, ஒரு தடவை பட்டிருக்கலாம். அதனால்தான் "தள்ளி நில்லுங்க சேர்" என்று ஒரு முறையாவது பக்கத்தில் ஆள் இருக்கும்போது சத்தமாகச் சொல்லச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் பட்டால் அந்தச் சாட்டு நிற்காது. பயத்தில் சொல்ல முடியாமல் போனாலும் முறைப்பாடு செல்லாமல் போகாது.

நான் ஆம்பிள நர்ஸ். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

எல்லாமே பொருந்தும். 345ஆம் பிரிவு ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பாரமான நோயாளி எல்லாம் உங்களுக்கே விழுந்தால் அதையும் ரோஸ்டர் போலவே எண்ணி வையுங்கள்.

பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல வேலை. எனக்கு என்ன வழி?

12ஆம், 126ஆம் உறுப்புரைகள் அரச செயலுக்கானவை, தகவல் உரிமைச் சட்டமும் பொதுவாக அரச நிறுவனங்களுக்குத்தான். 345 உங்களுக்கும் உண்டு. சம்பளம், லீவு, ஓடி பிரச்சினை என்றால் தொழில் திணைக்களம். உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். தாங்க முடியாமல் விலக வைத்தார்கள் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று நீங்களே எழுதியிருந்தால் அந்த வாதம் தள்ளாடும்.

முறைப்பாடு கொடுத்த அடுத்த கிழமையே எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துடுச்சு. பயமா இருக்கு.

பழிவாங்கும் கடிதமாக இருந்தாலும் குறித்த நாளுக்குள் பதில் கொடுத்தே ஆக வேண்டும். கேட்டதற்கு மட்டும், திகதியோடு, சுருக்கமாக. கடைசியில் "இன்ன திகதியில் நான் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பிறகே இது வந்துள்ளது" என்று ஒரு வரி. ஒழுக்காற்று விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பது அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையின் 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டுப் பத்திரம், பதிலளிக்க அவகாசம், உங்கள் பக்கம் பேச ஒரு ஆள் எல்லாம் உங்களுக்கு உண்டு. கையொப்பம் போடுங்கள் என்று வெற்றுத்தாள் நீட்டினால் போடாதீர்கள்.

தூக்கம் போய், டியூட்டி என்றாலே நெஞ்சு படபடத்தால் அதையும் டொக்டரிடம் காட்டிப் பதிவு வாங்குங்கள். இரவில் யாரோடும் பேச முடியாமல் இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

மருந்துல என் கையால ஒரு பிழை நடந்தது உண்மை. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் ஆரம்பிச்சது. நான் எந்த முகத்தோட முறைப்பாடு கொடுக்கிறது?

இரண்டையும் தனித்தனியே வையுங்கள். பிழைக்குச் சம்பவ அறிக்கை எழுதி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்குரிய விசாரணை நடக்கட்டும். ஒரு பிழை செய்தவரை ஆறு மாதம் பட்டம் சொல்லிக் கூப்பிடலாம் என்று எந்த விதியிலும் இல்லை. முறைப்பாட்டில் பிழையை நீங்களே முதல் பந்தியில் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பக்கத்தவர் அதை விசாரணையில் புதிதாக எடுத்துப் போட இடம் இருக்காது.

இப்ப நானே சீனியர். ஒரு ஜூனியர் நான் கொடுமைப்படுத்துறதா எழுதிக் கொடுத்திருக்கா. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

இருக்கலாம். முதல் கேள்விக்குச் சொன்னதை உங்கள் மேலேயே வைத்துப் பாருங்கள். கட்டிலருகே கத்தினீர்களா, டீ குடிக்கும் இடத்திலுமா? நீங்கள் புதிதாக வந்தபோது உங்களை அழவைத்தவரைப் பற்றி இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள்? "நாங்களும் அப்படித்தான் படித்தோம்" என்ற வரியை விளக்கக் கடிதத்தில் எழுத வேண்டாம், அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி.

அந்தப் பிள்ளையிடம் தனியாகப் போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லாதீர்கள், வேறு யாரையும் தூது விடாதீர்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது மற்றவர்களுக்குச் சொல்வது போலவே அவளுக்கும் முழுதாகச் சொல்லுங்கள். விசாரணை முடியும் வரை அவளுடைய ரோஸ்டரை வேறொருவர் போடட்டும் என்று மேட்ரனிடம் நீங்களே எழுதிக் கேளுங்கள்.